சான் ஹோசேயிலிருந்து அரேனல்: ஒருநாள் குழுச் சுற்றுலா, கொடுக்கும் காசுக்குத் தகுமா?

எரிமலையை மட்டும் நம்பி இதற்குப் பணம் கட்டாதீர்கள். கோஸ்டாரிகாவின் அரேனல் எரிமலை 1968 ஜூலை 29இல் வெடித்து அடிவாரத்து ஊர்களை அழித்தது. 2010 வரை குமுறிவிட்டு அடங்கியது. இரவில் நெருப்புக் குழம்பு வழிகிற மாதிரி விளம்பரத்தில் இருந்தால், அது பழைய படம். கரீபியன் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேகமாகிவிடுவதால் உச்சியும் பெரும்பாலும் தெரியாது. விடிகாலையில் தெரிய வாய்ப்பு அதிகம். ஆனால் வேன் போய்ச் சேரவே மதியம் ஆகிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பரவாயில்லை.

சாலைதான் நாளைத் தின்கிறது. எங்கும் நிற்காமல் போனாலே ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். நடுவில் சார்ச்சியில் வண்ணம் தீட்டிய மாட்டு வண்டி, சார்செரோவில் செதுக்கிய செடித் தோட்டம் என்று நிறுத்துவார்கள். தோட்டம் பார்க்கலாம், சார்ச்சி நிறுத்தம் பாதி கடைதான். சார்செரோ பக்கம் வளைவுகள் அதிகம், குளிரும் உண்டு. வாந்தி வருபவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்குங்கள். மாத்திரையைப் புறப்படும் முன்பே போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை.

மதிய உணவு கசாடோ: சோறு, கருப்பு பீன்ஸ், சாலட், வறுத்த பழுத்த வாழைக்காய், கூடவே ஒரு கறி. சைவக்காரர்கள் மாடு, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

காட்டுக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. தேசியப் பூங்காவுக்குள் என்றால் 1992இல் ஓடி இறுகிய நெருப்புக் குழம்புப் பாறை வரை ஒரு பாதை போகிறது. இன்னொன்று பெரிய இலவ மரத்துக்கு; நம் ஊர்ப் பஞ்சு மரமேதான், ஆனால் அதன் பலகை வேர்கள் ஆளை மறைக்கும். தொங்குபாலங்களும் நன்று, 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடை. மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். செருப்போடு வரும் ஒருவருக்காக மொத்தக் குழுவும் மெதுவாக நடக்கும். அந்த நேரம் கழிவது கடைசியில் வரும் வெந்நீர் ஊற்றுக் குளியலிலிருந்துதான்.

அந்தக் குளியலுக்காகத்தான் இந்தப் பயணமே. மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் எரிமலையின் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது. எந்த ஊற்று, அங்கே எத்தனை மணி நேரம், இரவு உணவு சேர்த்தியா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வேறு வேன் பாருங்கள். தபகோனில் ஆறே வெந்நீராக ஓடுகிறது. பால்தியில் கட்டிய குளங்கள், கூட்டமும் சத்தமும் அதிகம். குடும்பத்தோடு போனால் தபகோன், விலை கூடினாலும்.

மிதமான சூட்டில் தொடங்குங்கள். 40 டிகிரியை ஒட்டிய குளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு வெளியே வந்து தண்ணீர் குடியுங்கள். குளத்திலேயே மதுக்கடை இருக்கும். சூட்டோடு மது சேர்ந்தால் மயக்கம் வரும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தலையை முக்காதீர்கள்: வெந்நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போகும், அரிதுதான், ஆனால் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. நைலான் நீச்சலுடை கொண்டுபோங்கள். பருத்தி உடை ஊறிக் கனக்கும், சில இடங்களில் விடவும் மாட்டார்கள். உலர்ந்த மாற்றுடையை லாக்கரில் வைக்காமல் வேனிலேயே விட்டுவிட்டால், ஊற்று வாசலில் இறக்கிவிட்டு வேன் எங்கோ போய் நிற்கும். ஏசியில் மூன்று மணி நேரம் ஈரத்தோடு திரும்ப வேண்டியதுதான்.