மரத்துப்போன கன்னமும் ஒரு பாரஃபின் பிளாக்கும்: மருத்துவமனைச் சேவை பற்றிய மதிப்புரை

என் அம்மாவின் இடது கன்னத்தில் உணர்வு குறையத் தொடங்கியபோது அவருக்கு வயது 57. அது முகத்தின் உணர்வைக் கடத்தும் ஐந்தாம் நரம்பான டிரைஜெமினல் நரம்பில் உருவான அமிலாய்டோமா, அதாவது அமிலாய்டு என்ற புரதப் படிவு திரண்ட கட்டி, என்று உறுதியாகத் தெரிந்தபோது அவருக்கு 60 வயது நிறைந்திருந்தது. நோயைக் கண்டறிந்து இன்றுவரை கவனித்துவரும் சென்னையின் பெரிய போதனா மருத்துவமனை ஒன்றின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. அந்த மருத்துவமனையின் பெயரையும், அதற்கு முன் நாங்கள் போன இடங்களின் பெயர்களையும் நான் குறிப்பிடவில்லை. இப்படியொரு நோய்க்கு ஒரு மருத்துவமனையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துப் போக வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் அம்மா சொன்னது பல்லைப் பற்றித்தான். பல் மருத்துவர் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தார், மரப்பு குறையவில்லை. பிறகு முகநரம்பு வலி என்று கார்பமசெபின் மாத்திரை கொடுத்தார்கள். வலி ஓரளவு அடங்கியது, மரப்பு மட்டும் கண்ணிமை வரைக்கும் ஏறியது. உதட்டோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது அம்மாவுக்குத் தெரியாது. சூடான காப்பி வாயின் உட்புறத்தைச் சுட்டதும் கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் ஆண்டின் முடிவில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், கபாலத்தின் அடித்தளத்தில் ஐந்தாம் நரம்பின் முடிச்சு அமர்ந்திருக்கும் மெக்கல் குகை என்ற சிறு பையில் ஒரு தடிப்பு தெரிந்தது. நரம்புறைக் கட்டியாகவோ மூளையுறைக் கட்டியாகவோ இருக்கலாம் என்று அறிக்கை சொன்னது. ஓரிடத்தில் திசுப் பரிசோதனையே இல்லாமல் கதிர்வீச்சு கொடுத்துவிடலாம் என்றார்கள். மற்றோரிடத்தில் கன்னத்தின் வழியே ஊசியைச் செலுத்தி, கபாலத்தின் அடியிலுள்ள இயற்கையான துளை ஒன்றின் மூலம் திசு எடுத்தார்கள். "செல்கள் அதிகம் இல்லாத இளஞ்சிவப்பு நிறப் பொருள் மட்டுமே உள்ளது, மாதிரி போதவில்லை, மீண்டும் பயாப்சி தேவை" என்று அதன் முடிவு வந்தது. அந்த வரியை வாசித்தபோது அம்மா அழுதார்.

இந்த நிலையில்தான் நான் மதிப்பிடும் மருத்துவமனைக்குப் போனோம். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்கேன் படங்களைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "பயாப்சி பிளாக் யாரிடம் இருக்கிறது?" என்பதுதான். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சிறு கட்டிக்குப் பிளாக் என்று பெயர். நோயாளி எழுதிக் கேட்டால் அதைத் தருவார்கள் என்பதுகூட அதுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் இரண்டாவது பயாப்சிக்குத் தேதி குறிக்கவில்லை. பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கிவந்து நோய்க்குறியியல் துறையில் ஒப்படைக்கச் சொன்னார். இந்தச் சேவையில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றியது இந்த ஒரு முடிவே. அறுவை சிகிச்சை செய்பவர் ஆய்வகத்தை நம்பி ஒரு அறுவையைத் தள்ளிவைத்தார்.

ஐந்தாம் நாள் விடை வந்தது. வழக்கமான சீவல்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு தடிமனாக, 8 முதல் 10 மைக்ரான் அளவில் புதிய சீவல்களை வெட்டி, காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்த்திருக்கிறார்கள். மெல்லிய சீவலில் அமிலாய்டு குறைவாக இருந்தால் அதைக் காட்டும் பச்சை ஒளிர்வு தெரியாமலே போய்விடலாம் என்று நோய்க்குறியியல் மருத்துவர் விளக்கினார். "மாதிரி போதவில்லை" என்று ஒதுக்கப்பட்ட அந்த இளஞ்சிவப்புப் பொருள்தான் நோயே. அமிலாய்டு கட்டி என்பது செல்கள் பெருகிப் பருத்த கட்டி அன்று. தவறாக மடிந்த புரதம் இழைகளாகி, கரையாமல் படிந்து சேர்ந்த திரள். செல்களைத் தேடும் கண் அதைத் தவறவிடுவது எளிது.

அம்மா அந்த ஸ்லைடைப் பார்க்க ஆசைப்பட்டார். நோய்க்குறியியல் மருத்துவரான அம்மையார் மறுக்காமல் நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார். சாதாரண ஒளியில் செங்கல் சிவப்பாக இருந்த படிவு, வடிகட்டியைத் திருப்பியதும் பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிர்ந்தது. காங்கோ சிவப்பை அமிலாய்டுக்குப் பயன்படுத்தும் வழக்கம் 1922-இல் பென்ஹோல்ட் என்பவரிடமிருந்து தொடங்கியது. பச்சை ஒளிர்வை 1927-இல் திவ்ரி கவனித்தார். அமிலாய்டு என்ற சொல்லையே 1854-இல் ருடால்ஃப் விர்ஷோ மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது நரம்பு மண்டலத்தில் அவர் கண்ட சிறு உருண்டைகளைக் குறிக்கத்தான். அயோடின் சாயம் ஏற்றதால் மாவுப்பொருள் போன்றது என்று எண்ணி அப்பெயரை வைத்தார். நூறாண்டுக்கும் மேல் பழமையான ஒரு சாயமே என் அம்மாவின் மூன்றாண்டுக் கேள்விக்கு விடை சொன்னது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அமிலாய்டு என்றதும் உறவினர்கள் அல்சைமர் நோயா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதில் படிவது வேறு புரதம். அமிலாய்டாக மாறக்கூடிய புரதங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை இருப்பதால், எந்தப் புரதம் என்று தெரியாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியாது. நரம்பு மண்டலத்துக்குள் கட்டியாகத் திரளும் அமிலாய்டு பெரும்பாலும் லாம்டா லைட் செயின் என்ற எதிர்ப்புரதத் துண்டால் ஆனது. அங்கேயே குடியேறியிருக்கும் ஒரு சிறிய பிளாஸ்மா செல் (எதிர்ப்புரதத்தை உண்டாக்கும் செல்) கூட்டம் அதைச் சுரக்கிறது. இதை உறுதிசெய்ய இந்த மருத்துவமனை சாதாரண எதிர்ப்புரதச் சாயங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. லைட் செயின் விஷயத்தில் அவை ஏமாற்றக்கூடும். படிந்த பகுதியை மட்டும் லேசரால் வெட்டியெடுத்து, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் புரதத்தை இனங்காணும் முறைக்கு மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பரவலான முறை அது. முடிவு வர நான்கு வாரங்கள் ஆயின: லாம்டா. அதே திசுவில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இல்லை என்பதையும் தனியாகப் பார்த்தார்கள். மூளையுறையில் தோன்றும் மெதுவான லிம்போமா ஒன்று இதே போன்ற அமிலாய்டை உண்டாக்கும் என்பதால், அந்தக் கேள்வியைக் கேட்காத ஆய்வகம் பாதி வேலையைத்தான் செய்ததாக ஆகும்.

அடுத்து, உடலின் வேறெங்காவது இது இருக்கிறதா என்ற தேடல். இரத்தத்தில் லைட் செயின் அளவு, இரத்தத்திலும் சிறுநீரிலும் அசாதாரண எதிர்ப்புரதத்தைத் தேடும் இம்யூனோஃபிக்சேஷன், சிறுநீரில் புரதம், இதயத்துக்கு எக்கோ, இதயச் சுமையைக் காட்டும் இரத்தக் குறியீடு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரி, எலும்பு மஜ்ஜை ஆகிய அனைத்தையும் இரத்தவியல் துறை இரண்டு வெளிநோயாளி வருகைகளில் முடித்துவிட்டது. எல்லாம் இயல்பாகவே இருந்தன. இந்தத் தேடல்தான் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கிறது. உடல் முழுவதும் பரவிய வகை இதயத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குவது, கீமோதெரபி அவசியமானது. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் வகை அப்படியன்று. லண்டனிலுள்ள தேசிய அமிலாய்டோசிஸ் மையம் ஓரிட வகை நோயாளிகள் 606 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் முழுவதும் பரவிய நிலைக்குப் போனவர்கள் சுமார் 1 விழுக்காட்டினரே. இரத்தவியல் மருத்துவர் இந்த எண்ணை எங்களுக்கு எழுதியே கொடுத்தார். அந்த 606 பேரில் பெரும்பாலோர் உடலின் வேறு இடங்களில் கட்டி இருந்தவர்கள், ஆகவே இது நம்பிக்கைக்கு ஆதாரம், உத்தரவாதம் அன்று என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மூன்று துறையினரும் ஒரே அறையில் எங்களோடு உட்கார்ந்து பேசிய அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே இந்தச் சேவையை நான் பரிந்துரைப்பேன். "அம்மா, இது புற்றுநோய் இல்லை. ஆனால் மருந்தால் கரைவதும் இல்லை. அமிலாய்டு நரம்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுவேன், இழைகளுக்கு நடுவிலேயே படிந்திருப்பதால் அதை எடுக்கப்போனால் மிச்சமிருக்கும் நரம்பும் போய்விடும்," என்றார் அறுவை நிபுணர். கட்டி மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கினால் அழுத்தத்தைக் குறைக்கும் அளவுக்கு மட்டும் அறுவை; படிவு வளர்ந்துகொண்டே போனால், அதைச் சுரக்கும் செல்களைக் குறிவைத்துக் குறைந்த அளவு கதிர்வீச்சைப் பற்றி யோசிக்கலாம்; அதுவரை கவனித்து வருவது என்று முடிவானது. பெரு மூளையின் வெண்பகுதியில் வரும் கட்டிகளுக்கும் பெரும்பாலும் இதே நிதானம் பொருந்தும் என்றும், தண்டுவடத்தை நெருக்கும் கட்டியில் மட்டும் காத்திருக்க இயலாது, கால்கள் வலுவிழக்கும் முன் அழுத்தத்தை நீக்க வேண்டும் என்றும் விளக்கினார்கள். வலிக்கு மாத்திரையின் அளவை மாற்றினார்கள், ஸ்டீராய்டு கொடுக்கவில்லை.

கண்ணைப் பற்றி முதலில் பேசியது ஒரு செவிலியர். கருவிழியில் உணர்வு குறைந்தால் தூசி விழுந்து புண்ணானாலும் வலிக்காது என்பதால், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பி, சொட்டு மருந்தும் இரவில் போடும் களிம்பும் வாங்கித் தந்தார்கள். வலப்பக்கமாக மென்று சாப்பிடுவது, சூட்டை வலப்பக்க உதட்டில் சோதிப்பது, சாப்பிட்டதும் கண்ணாடியில் பார்ப்பது என்று அவர் சொல்லிக்கொடுத்தவை அம்மாவின் அன்றாட வாழ்வை எந்த மாத்திரையைவிடவும் அதிகமாக மாற்றின.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். புரத வகையைக் கண்டறியும் பரிசோதனைக்கு எங்கள் காப்பீடு பணம் தராது என்பதை மாதிரி அனுப்பிய பிறகுதான் சொன்னார்கள். அந்தத் தொகை ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமை. அந்த நான்கு வாரங்களில் நிலவரம் கேட்டு அழைத்தால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டியது. இத்தகைய நோயாளிகளுக்கென்று ஒரு தொடர்பாளர் இருப்பது அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு பக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாவால் தன் நோயைப் பற்றி ஒரு வரிகூடத் தானே வாசித்தறிய முடியவில்லை. கேட்டபோது, நோயின் பெயர், புரத வகை, உடலில் வேறெங்கும் இல்லை என்ற முடிவு, கண் பராமரிப்பு ஆகியவற்றைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் அரைப் பக்கத்தில் தமிழில் எழுதி முத்திரையிட்டுத் தந்தார். அதைக் கேட்காமலே எல்லோருக்கும் தர வேண்டும்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தடிப்பின் அளவு மாறவில்லை. இனி ஆண்டுக்கொருமுறை ஸ்கேனும், அதோடு லைட் செயின் பரிசோதனையும் போதும் என்றார்கள். மரப்பு அப்படியேதான் இருக்கிறது. பிளாக்கை மருத்துவமனையே பாதுகாப்பில் வைத்துக்கொண்டது. தமிழில் எழுதிய அந்த அரைப் பக்கத்தை அம்மா பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தன் கைப்பையில் வைத்திருக்கிறார், பல் மருத்துவரிடம் போகும்போதும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.