வேரும் பிசினும் நிறைந்த ஒரு வாசனைப் பெட்டி

பிரேசிலின் சொந்தத் தாவரங்களை அடிப்படையாகக் கொண்டு வாசனைத் திரவியம் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தின் மாதிரிப் பெட்டியை, சாவ் பாவ்லோவில் இருக்கும் அதன் கடையிலேயே வாங்கினேன். தலா 2 மில்லிலிட்டர் கொண்ட ஐந்து குப்பிகளுக்கு 190 பிரேசில் ரெயால் கொடுத்தேன். இரண்டு மாதமாக அவற்றைத் தோலிலும் துணியிலும் மாறிமாறிப் போட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதாலும், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே உழைக்கும் இடம் அது என்பதாலும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பெட்டிக்குக் கொடுத்த பணம் பிரிப்ரியோக்கா ஒன்றுக்கே தகும். பாரா மாநிலத்தில் பெலேம் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு விவசாயிகள் பயிரிடும் ஒரு வகைக் கோரை இது. மணம் முழுவதும் அதன் கிழங்கில்தான் இருக்கிறது. நாம் குளியல் பொடியில் சேர்த்து அரைக்கும் கோரைக்கிழங்கும் இதுவும் சைப்பரஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், குப்பியைத் திறந்த கணத்தில் எனக்கு அது அயல்நாட்டுச் சரக்காகவே தோன்றவில்லை. மணிக்கட்டில் இரண்டு முறை அடித்துக்கொண்டதும் முதல் ஐந்து நிமிடம் இடித்த மிளகு போல மூக்கில் ஏறுகிறது. பிறகு காரம் அடங்கி, மண் ஒட்டியிருக்கும் கிழங்கை நகத்தால் கீறினால் எழும் ஈர வாடை வருகிறது. ஒரு மணி நேரம் கழித்து நனைந்த வேரின் குளிர்ச்சியும் பழைய மரப்பெட்டியின் உலர்ந்த நெடியும் மட்டும் எஞ்சுகின்றன. பூவோ பழமோ எட்டிப்பார்க்காத இந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

வேர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெலேமின் வேர்-ஓ-பேசு சந்தையில் மூலிகைக்காரப் பெண்கள் ஜூன் மாதப் புனித யோவான் திருவிழாவையொட்டி வாசனைக் குளியலுக்கான வேர்களையும் இலைகளையும் விற்பார்கள். அங்கே 'பச்சோலி' என்ற பெயரில் கிடைப்பது உண்மையில் நம்முடைய வெட்டிவேர். இந்தக் குப்பியின் அடிவாசனையிலும் வெட்டிவேர் இருப்பதாக என் மூக்கு சொல்கிறது. கடையில் கேட்டபோது சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்கள்.

அடுத்தது பிரேவு பிராங்கு. பூச்சிகள் துளைத்த காயங்களிலிருந்து கசிந்து, மரப்பட்டையிலேயே வெண்சாம்பல் கட்டியாக உறையும் பிசின் இது. மரத்தை வெட்டாமல் சுரண்டி எடுக்கலாம். அமேசான் பகுதியில் படகுகளின் இடுக்குகளை அடைக்கவும், தேவாலயங்களில் புகையிடவும் இதைப் பயன்படுத்திவந்திருக்கிறார்கள். குந்திரிக்கம் தரும் மரமும் இதுவும் ஒரே குடும்பம் என்பதை மூக்கே கண்டுபிடித்துவிடுகிறது, ஆனால் இதில் எலுமிச்சைத் தோலின் வெடிப்பு கூடுதல். தயாரித்தவர் புகையைச் சேர்க்காமல் பிசினின் பச்சை வாடையை அப்படியே விட்டிருப்பது நல்ல முடிவு. குறை நீடிப்பில்தான்: தோலில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒரே நாளில் இரண்டு மூன்று முறை குளித்து, குளித்தபோதெல்லாம் புதிதாக வாசனை பூசிக்கொள்ளும் பிரேசில் வழக்கத்துக்கு இது பொருந்தலாம். காலையில் ஒரு முறை போட்டுக்கொண்டு மாலைவரை மணக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றமே. துணியில் அடித்தால் சற்றுக் கூடுதலாக நிற்கிறது.

பாவ் ரோசா மரத்தின் கதை சற்றுச் சோகமானது. அதன் எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற மணப்பொருள். அடிமரத்தைச் சீவி வடித்தால்தான் எண்ணெய் என்ற நிலையில், இருபதாம் நூற்றாண்டு முழுக்க அந்த மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 2010-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். இலையையும் கிளையையும் கவாத்து செய்து வடித்த எண்ணெயையே வாங்குவதாக இந்த நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. வாசனை தூய்மையாக இருக்கிறது. ரோஜாவும் மரமும் கலந்தது போலத் தொடங்கி, சற்று நேரத்தில் வறுக்காத தனியாவைக் கசக்கியது போல மாறுகிறது. தனியா எண்ணெயிலும் லினலூலே மிகுதி என்பதால் அதில் வியப்பில்லை. தினமும் போட்டுக்கொள்ளத் தோதான, யாரையும் உறுத்தாத மணம்.

மற்ற இரண்டையும் நான் மறுபடி வாங்க மாட்டேன். குமாரு விதையில் வைக்கோல், பாதாம், புகையிலை என்று எத்தனையோ சாயல்கள் உண்டு. கூமரின் என்ற வேதிப்பொருளுக்குப் பெயர் கொடுத்ததே இந்தத் தாவரம்தான். அத்தனையையும் வனிலாவில் முக்கிவிட்டிருக்கிறார்கள். விட்டோரியா ரேஜியா என்ற ராட்சத அல்லி முதல் இரவில் வெள்ளையாக மலர்ந்து, தானே சூடேறி மணம் பரப்பி வண்டுகளை அழைத்து, இதழ்களை மூடி அவற்றைச் சிறைவைத்து, மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகி விடுதலை செய்யும் பூ. அப்படிப்பட்ட பூவின் பெயரைத் தாங்கிய குப்பியில் இருப்பது அன்னாசி மிட்டாய். இத்தகைய பூமணங்களை ஆய்வகத்தில் புனைவது வழக்கம்தான், அதில் எனக்குத் தடை இல்லை. எது தாவரத்திலிருந்து வந்தது, எது புனைந்தது என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

கையேட்டின் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரேசிலின் 2015-ஆம் ஆண்டு 13.123 எண் சட்டப்படி, நாட்டின் தாவர வளத்திலிருந்து செய்த பொருளை விற்பவர்கள் நிகர வருவாயில் 1 சதவீதம்வரை பயன்பகிர்வாகத் தர வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. விலக்கு இருந்தும் தாங்களாகவே பகிர்வதாக இவர்கள் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது, ஆனால் எந்த ஊருக்கு, எவ்வளவு என்று ஒரு சொல்லும் இல்லை. கிழங்கு தோண்டுபவரின் ஊர்ப்பெயரை அச்சடிக்க இடமில்லாத கையேட்டில், காட்டின் ஆன்மாவைப் பற்றி மூன்று பத்திகள் இருக்கின்றன.

பெட்டியின் அட்டை உறுதியானது, குப்பிகளின் மூடி அப்படியல்ல. பாவ் ரோசா பாதி கசிந்தே வந்தது. எடுத்துச் சொன்னதும் மறுபேச்சின்றி வேறொன்று தந்தார்கள். முழுக் குப்பி வாங்க நினைப்பவர்கள் முதலில் மாதிரிப் பெட்டியையே எடுக்கட்டும். கிளம்புமுன் நான் பிரிப்ரியோக்காவில் மட்டும் 30 மில்லிலிட்டர் வாங்கினேன், 280 ரெயால். மூடியை மட்டும் கடையிலேயே இரண்டு முறை திருகிப் பார்த்துக்கொண்டேன்.