ஹைட்ரோசில் ஆபரேஷன்: இரண்டு வருடம் கழித்தும் ஆறாத கோபம்

"ஊசி போட்டு நீரை எடுத்தால் போதுமாமே, எதற்கு ஆபரேஷன்?" நண்பன் கேட்டான். அவனுக்கும் ஹைட்ரோசில், அதாவது விரையைச் சுற்றியுள்ள உறையில் நீர் தேங்கி விதைப்பை வீங்குவது. இதே கேள்வியை நானும் கேட்டவன்தான். திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியும் பிடிவாதம் பிடித்தேன். எடுத்த அன்று சொர்க்கம். மூன்றே மாதத்தில் பழைய அளவு. நீரைத்தானே எடுத்தோம், அதைச் சுரக்கும் உறை உள்ளேயே இருக்கிறதே! நீரை எடுத்த கையோடு மருந்து செலுத்தி உறையை ஒட்டவைப்பதும் உண்டு. ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு அது சரி, மறுபடி செய்ய வேண்டி வரலாம்.

கடைசியில் ஆபரேஷன்தான். முதுகில் ஊசி போட்டு, உறையைத் திறந்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தார்கள். மறுநாள் வீடு. இரண்டு வருடமாக நீர் எட்டிப் பார்க்கவில்லை. இதுவரை முழு மார்க்.

என் கோபம் அதற்கப்புறம் வந்த வீக்கத்தின் மேல். கட்டைப் பிரித்தால் முன்பைவிடப் பெரிதாக, கல் மாதிரி இருந்தது. எல்லாம் வீண் என்று பதறி ஓடினேன். "காய்ச்சல், சிவப்பு, சீழ் இருந்தால்தான் பயம். இது வற்ற வாரக்கணக்கில் ஆகும்" என்றார் டாக்டர். முன்னாடியே சொன்னால் என்ன ஐயா? எனக்கு இரண்டரை மாதம் ஆனது. அதுவரை விதைப்பையைத் தாங்க ஒரு பட்டை கொடுத்தார்கள். நடந்தால் சுருளும், உட்கார்ந்தால் தொடையை அறுக்கும், வியர்த்தால் அரிக்கும். ஒரு சைஸ் சின்ன ஜட்டியும் மடித்த துணியும் அதைவிட ஒழுங்காகத் தாங்கின.

நண்பனின் தம்பிக்கு வெரிகோசிலாம், அதற்கும் இதேதானா என்றான். இல்லை. அது நீரல்ல, விதைப்பையில் புடைத்த ரத்தக்குழாய். பெரும்பாலும் இடப்பக்கம் வரும். நின்றால் தெரியும், படுத்தால் அடங்கும். வலியோ குழந்தைப்பேற்றில் சிக்கலோ இல்லாவிட்டால் பெரும்பாலும் கைவைக்க மாட்டார்கள். வைத்தால், மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்த ரத்தக்குழாயைக் கட்டுவார்கள், அல்லது ரத்தக்குழாய் வழியே உள்ளே போய் அதை அடைப்பார்கள். கட்டும்போது, திசுக்களில் சேரும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாயும் மாட்டிக்கொண்டால் ஹைட்ரோசிலே வந்து சேரும், அதற்குத்தான் மைக்ராஸ்கோப்.

நண்பனிடம் விசாரித்தேன். வலி இல்லை, பேண்ட் போடக் கொஞ்சம் இடைஞ்சல், ஸ்கேனில் விரை நன்றாக இருக்கிறது. "அப்படியானால் பேசாமல் இரு" என்றேன்.

"முழு மார்க் போட்டவன் பேசுகிற பேச்சா இது?"

அந்தப் பட்டையை இரண்டரை மாதம் கட்டிப் பார்த்துவிட்டுக் கேள் என்றேன்.