67 அடுக்கு டமாஸ்கஸ், விஜி-10 எஃகுன்னு போட்டிருக்கிற கத்தியை வாங்கும் முன் இதைப் படிங்க

அரை மாதச் சம்பளம் போச்சு. ஒரே ஒரு கத்திக்கு. "ரீஃபண்ட் தர இயலாது"ன்னு கடைசிப் பதில் இன்னைக்குக் காலையில்தான் வந்தது. அந்தக் கோபத்தோடதான் எழுதுறேன்.

வாங்கினது ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில். அலகில் "விஜி-10, 67 அடுக்கு"ன்னு பொறிச்சிருந்தது. விஜி-10ங்கிறது ஜப்பானியத் துருப்பிடிக்காத எஃகு வகை. அதை நடுவில் வச்சு ரெண்டு பக்கமும் வேற எஃகு அடுக்குகளை ஒட்டினா அலை அலையா கோலம் வரும், அதைத்தான் டமாஸ்கஸ்னு விற்கிறாங்க. வாங்கும் முன்னாடி விற்பனையாளர்கிட்ட சாட்டில் கேட்டேன். கார்பன் சுமார் 1 சதவீதம், குரோமியம் 15, கோபால்ட் 1.5, கடினம் 60 ராக்வெல் (எஃகோட கடினத்தை அளக்கிற அளவுகோல்)னு சட்டுன்னு பதில் வந்தது. எல்லாமே சரியான எண்கள். அதில்தான் நம்பிட்டேன். அந்த எண்கள் விஜி-10 எஃகுக்குச் சரி, அவன் கையில் இருந்த கத்திக்குச் சரியான்னு கேட்கணும்னு தோணலை. எஃகோட கலவை எந்த அட்டவணையிலும் கிடைக்கும். அதை ஒப்பிக்கத் தெரிஞ்சவன் அந்த எஃகைத்தான் விற்கிறான்னு அர்த்தம் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்தப்போ நல்லாத்தான் வெட்டியது. எந்த மட்டமான எஃகும் புதுக்கூரில் வெட்டும். ஒரு வாரத்தில் வாய் மழுங்கிடுச்சு. பக்கத்துக்கு 15 டிகிரி வச்சு 1000 நம்பர் தீட்டுக்கல்லில் தீட்டினேன். தீட்டும்போது வாயோரம் எழும்புற மெல்லிய பிசிறு, இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் மடங்குது, அந்தப் பக்கம் திருப்பினா இந்தப் பக்கம். அறுந்து விழவே இல்லை. 60 கடினத்துக்குப் பதம் வச்ச (சூடாக்கிக் குளிரவச்சு இறுக்கின) எஃகில் பிசிறு சின்னதா வந்து சீக்கிரம் உதிரணும். இப்படி ரப்பர் மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தா எஃகு மெத்துன்னு இருக்குன்னு அர்த்தம். சோதனைக் கூடத்தில் அளந்தப்போ வந்தது 54. 3சிஆர்13ங்கிற மலிவு எஃகு மாதிரி 0.3 சதவீதக் கார்பன் எஃகில் வர்ற கடினம் இது. உள்ளே நிஜமாவே விஜி-10 இருந்தாலும் சரி, பதம் 54-ல் நின்னா அது சொன்ன கத்தி இல்லை.

கல் பட்ட இடத்தில் அந்த அலை அலையான கோலமும் அழிஞ்சுது. புகார் கொடுத்ததுக்கு "டமாஸ்கஸ் கோலம் மங்குவது இயல்பு"ன்னு பதில். பாதி உண்மை இது, அதனால்தான் எரிச்சல் அதிகம். நிஜமான அடுக்கு எஃகிலும் தேய்ச்சா கோலம் மங்கும்தான். ஆனா அடுக்கு உள்ளே வரைக்கும் ஓடுறதால ஃபெரிக் குளோரைடில் (எஃகை அரிக்கிற திரவம்) நனைச்சா திரும்ப எழும்பும். இதில் 2000 நம்பர் உப்புத்தாளால் தேய்ச்சு, நனைச்சுப் பார்த்தேன். ஒரே சாம்பல் நிறம், ஒரு கோடு கூட இல்லை. மேலே பொறிச்ச வெறும் படம்.

அடுத்த பதில், "தவறாகத் தீட்டியிருக்கிறீர்கள்." அதுக்கடுத்து, "பலகை கடினமாக இருந்திருக்கும்." சோதனை அறிக்கையை அனுப்பினதும், "தீட்டிய கத்தியைத் திரும்பப் பெற மாட்டோம்." தீட்டினாத்தானே இந்தக் குறையே தெரியும்! அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கிட்டு இதை விதின்னு காட்டுறாங்க. தளமும் "விற்பனையாளரிடம் பேசுங்கள்"னு ஒதுங்கிடுச்சு.

எஃகு தேர்வு பத்தி விரிவா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்போ பொறுமை இல்லை. இதை மட்டும் பாருங்க:

தீட்டும் முன்னாடியே, கைப்பிடிக்குப் பக்கத்து வெட்டுமுகத்தையும் முதுகையும் லென்ஸ் வச்சுப் பாருங்க. அடுக்குக் கோடுகள் அங்கேயும் தொடரணும். கோலம் வாய் நுனி வரை அப்படியே ஓடினா சந்தேகப்படுங்க. நடு எஃகு வாயோரம் கோலம் இல்லாத பட்டையா, ஒழுங்கில்லாத எல்லையோட தெரியணும்.

"காந்தம் ஒட்டுது பாருங்க"ன்னு சொன்னா நம்பாதீங்க. கத்திக்குப் பதம் வைக்கிற எஃகு மட்டமானதா இருந்தாலும் ஒட்டும்.

"சர்ஜிக்கல் ஸ்டீல்", "ஜெர்மன் ஸ்டீல்", வெறும் "440" எல்லாம் எஃகோட பெயரே இல்லை. 440ஏ-வில் கார்பன் 0.7 கிட்ட, 440சி-யில் 1 கிட்ட. எந்த எழுத்துன்னு கேளுங்க.

கடின எண்ணையும், தீட்டின பிறகும் திருப்பி எடுப்பாங்களாங்கிறதையும் எழுத்தில் வாங்காம காசு கட்டாதீங்க.