ஜிப்ஸி வாங்கப் போகிறவர்களே, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

நாலு லட்சத்து எழுபதாயிரம் போயிற்று. வண்டிக்கு 3,20,000, அதன் மேல் பட்டறைக்கு 1,50,000. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய மாருதி ஜிப்ஸி ஜீப்பை வாங்கினேன்; வாசலில் இப்போது நிற்பது பின் சக்கரம் மட்டும் இழுக்கும், ஐந்து அங்குலம் உயர்ந்த ஒரு ஜிப்ஸி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ஜிப்ஸியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் முழுசாகச் சொல்கிறேன்.

2010 மாடல், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ பெட்ரோல் இன்ஜின், சாஃப்ட் டாப் (துணிக் கூரை). பழைய பொருள் விற்கும் ஒரு இணையதளத்தில் வந்த விளம்பரம். விற்றது கோவைப் பக்கம் ஒரு கார் கன்சல்டிங். பெயர் போடவில்லை, வழக்குப் போடும் உத்தேசம் இருக்கிறது.

இன்ஜினில் குறை இல்லை. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளவில்லை, சைலன்சரில் நீலப்புகை இல்லை, கூலண்ட்டில் எண்ணெய் மிதக்கவில்லை. எல்லோரும் இதைத்தான் பார்ப்பார்கள் என்று விற்பவனுக்கும் தெரியும். அவன் காட்டியது அடுத்ததை. முன் சக்கரங்களை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப் இரண்டையும் லாக்கில் திருப்பினான். லிவரை நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் ஹைக்குத் தள்ளினான். டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பக்கத்துக் காலி மனையில் ஜல்லி மேல் ஒரு சுற்று. "பாருங்ணா, வெண்ணெயாட்டம் விழுது. நாம வண்டி விக்கறதில்லீங்ணா, மனுசனைச் சம்பாதிக்கறோம்." அந்த இடத்தில்தான் பணம் கை மாறியது. ஐம்பதாயிரம் ஜிபே, மீதி 2,70,000 ரொக்கம். ரசீது ஐம்பதாயிரத்துக்கு மட்டும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. அப்போது யாருக்கு ஞாபகம் வருகிறது!

அந்த விளக்கு எதைச் சொல்கிறது தெரியுமா? டிரான்ஸ்பர் கேஸில், அதாவது சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டியில், இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச், லிவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். முன் சக்கரத்துக்குச் சக்தி போகிறதா என்று அதற்குத் தெரியாது. ஜல்லி மேல் சமதளத்தில் பின் சக்கரம் இரண்டே போதும், வண்டி நகர்ந்துவிடும்.

ஆற்று மணலில்தான் குட்டு வெளிப்பட்டது. பின் சக்கரம் குழி தோண்டுகிறது, முன் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றுகிறது, முன் சக்கரம் இரண்டும் சும்மா நிற்கிறது. இடப்பக்க ஹப்பைக் கழற்றி, சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைத் திறந்தால், உள்ளே ஆக்ஸிலிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி கடத்தும் சி.வி. ஜாயிண்ட்டே இல்லை. உடைந்ததை எடுத்துப் போட்டுவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஜிப்ஸியின் சக்கரம் ஸ்பிண்டில் என்ற சுற்றாத குழாயின் மேல் தனியாக நிற்பதால், ஜாயிண்ட் இல்லாமலும் வண்டி சாலையில் ஒழுங்காக ஓடும், சத்தமும் வராது. முன் டிஃப், அதாவது சக்தியை இடது வலது சக்கரத்துக்குப் பிரிப்பது, லாக்கர் இல்லாத சாதா வகை. ஒரு பக்கம் பிடிப்பில்லாமல் போனால் சக்தி முழுக்க அந்தக் காலிப் பக்கமே கழன்று போய்விடும். அதனால் வலது சக்கரமும் செத்தது. வாங்கும்போது அந்த நக்கிள் சுத்தமாக, காய்ந்து இருந்தது, நல்ல சீல் என்று நினைத்து மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பழைய ஜிப்ஸியில் நக்கிள் கொஞ்சமாவது கிரீஸ் கசிந்திருக்கும். ஒரு பக்கம் கசிந்து, மறுபக்கம் துடைத்து வைத்தாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது அடி பட்டறையில். "நம்ம பையன் பட்டறைதானுங்ணா" என்று அதே கன்சல்டிங் கை காட்டிய இடம். லீஃப் ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலுக்குக் கீழிருந்து மேலே மாற்றுவது, 235/75 ஆர் 15 டயர் ஐந்து, ஷாக் நான்கு, எல்லாம் சேர்த்து 1,50,000. பட்டையை மேலே மாற்றினால் ஏறத்தாழ ஐந்து அங்குலம் உயரும். ஆனால் அதோடு மாற வேண்டியவை நிறைய. பட்டை உட்காரும் திண்டைப் புதிதாக வெல்டு வைக்கும்போது பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் மூக்கு) கோணம் சரியாக இருக்க வேண்டும். சாதா ஷாஃப்ட்டில் இரு முனை மூட்டும் (யு-ஜாயிண்ட்) ஒரே கோணத்தில் இருக்க வேண்டும், அதாவது பினியன் டிரான்ஸ்பர் கேஸின் வெளித்தண்டுக்கு இணையாக. இந்த ஆள் பினியன் மூக்கை டிரான்ஸ்பர் கேஸை நோக்கி நிமிர்த்தி அடித்துவிட்டான். அது ஒரு முனையில் இரட்டை மூட்டு உள்ள டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்கான கோணம். ஐம்பதைத் தாண்டினால் தரை முழுக்க அதிர்கிறது. ஷாஃப்ட்டைச் சற்றும் நீட்டவில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் அதன் முனை விரல் அகலத்தில் தொங்குகிறது. பிரேக் ஹோஸ் பழையதே. சக்கரம் கீழே தொங்கினால் வீணைத் தந்தி மாதிரி இழுபடுகிறது, எந்தக் குழியில் அறுந்து பிரேக் போகும் என்று தெரியாது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் தண்டு சாய்ந்துவிட்டதால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. போதாக்குறைக்கு வெல்டை விட்டு விட்டு வைக்காமல் ஒரே மூச்சில் ஓட்டியிருக்கிறான், சூட்டில் பின் ஆக்ஸில் கூடு (ஹவுசிங்) வளைந்திருக்கிறது.

டயர் கணக்கும் யாரும் சொல்வதில்லை. கம்பெனி டயர் 205/70 ஆர் 15, உயரம் 668 மில்லிமீட்டர். 235/75 என்றால் 733. ஏறக்குறைய பத்து சதவீதம் அதிகம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகிறது, கியரும் அந்த அளவுக்கு இழுவை குறைகிறது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கன்சல்டிங்கில் முதல் நாள்: "பதினஞ்சு வருச வண்டிங்ணா, அப்படி இப்படித்தான் இருக்கும்." இரண்டாம் நாள்: "லிஃப்ட் போட்டவன் கழட்டியிருப்பான், அங்க கேளுங்க." பட்டறையில்: "நாங்க முன் நக்கிளைத் தொடவே இல்லீங்க, வித்தவரைக் கேளுங்க." மூன்றாம் நாள் முதல் "பழைய ஓனர் ஊர்ல இல்லீங்ணா." அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. இணையதளத்தில் புகார் போட்டால் "நாங்கள் விளம்பரம் மட்டுமே வெளியிடுகிறோம்" என்று தானாக வரும் பதில். நாலு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மூன்று பேர் மாற்றி மாற்றிக் கை காட்டுகிறார்கள்.

இதோடு போகவில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்க வேண்டும். "எஃப்சி நான் பாத்துக்கறேன்" என்றவன் போனை எடுப்பதில்லை. ஆய்வாளர் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, உயரத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆக, எல்லாவற்றையும் திரும்பக் கீழே இறக்க வேண்டும், அதற்கும் செலவு.

முழுசாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. இவ்வளவுதான்:

ஹப் இரண்டும் லாக், லிவர் ஃபோர் ஹை, பின் சக்கரத்துக்கு முட்டு. ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் முன்பக்கம் செத்தது, கிளம்பிவிடுங்கள்.

அதே ஜாக்கியில் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு).

அடியில் புதுக் கருப்புப் பூச்சு இருந்தால் சேஸைச் சுத்தியலால் தட்டுங்கள், பின் ஷாக்கிள் (பட்டை சேஸில் தொங்கும் இடம்) பக்கம் முக்கியமாக. மொத்தென்று கேட்டால் துரு.

ரொக்கம் வேண்டாம். வண்டி விற்றவன் காட்டும் பட்டறையும் வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. 4,70,000 அதற்குள்தான் வருகிறது, ஆனால் கையில் இருப்பது ஐம்பதாயிரத்துக்கான ரசீது.

ஜிப்ஸி கிங் (இந்த 1.3 லிட்டர் மாடல்) இடப்பக்க முன் சி.வி. ஜாயிண்ட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். திறந்து உள்பக்கத்தைக் காட்டும் படத்தோடு அனுப்புங்கள்.