காணாக்கடி திரும்பிய பின் ஃபெக்ஸோஃபெனடின்: மூன்றாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

அலுவலகத் தோழி ஒருவருக்குச் சென்ற மாதம் காணாக்கடி, அதாவது தோலில் அரிப்போடு திடீர்த் தடிப்புகள் எழும் நோய், கண்டது. நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், அது கேட்கிறதா என்று விசாரித்தார். ஒரு வரியில் சொல்லிவிட முடியாத பதில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் முறை வந்தபோது ஆறு வாரங்களைத் தாண்டியும் தடிப்புகள் நிற்காததால், இது நாட்பட்ட வகை என்றார் மருத்துவர். முதலில் எடுத்துக்கொண்ட செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பை அடக்கியது. ஆனால் மதியக் கூட்டங்களில் என் தலையையும் சேர்த்து ஆட வைத்தது. அதன் பின் மாறிய, அதே வகையைச் சேர்ந்த 180 மில்லிகிராம் ஃபெக்ஸோஃபெனடின் தூக்கம் தராமலே வேலையைச் செய்தது. ஓராண்டுக்குப் பிறகு மருத்துவர் சொற்படி நிறுத்தினேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நோய் இருந்த நினைவே இல்லை.

பின்னர் ஒரு நாள் காலை, சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது, தோள்பையின் வார் அழுத்திய இடத்தில் வரிவரியாகத் தடித்தது. மாலைக்குள் இடுப்பைச் சுற்றியும் வந்துவிட்டது. மறுநாள் மருத்துவரிடம் காட்டப் போனபோது தோல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடமின்றி மறைவதே இந்நோயின் குணம் என்பதால், கைப்பேசிப் படங்களே எனக்குச் சாட்சி சொல்லின.

அதே மாத்திரையை மீண்டும் தொடங்கினேன். மூன்று வாரமாகியும் பலனில்லை. அரிப்பைக் கிளப்பும் என நம்பப்படும் கரப்பான் பண்டங்களே காரணம் என்று அத்தை அடித்துச் சொன்னதால் இறால், கருவாடு, கத்திரிக்காய் என ஒவ்வொன்றாக விட்டேன். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைத் தாமாகவே கொட்டும் இவ்வகையில் உணவு காரணமாவது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தும் விட்டேன். கருவாடு இல்லாத அந்த மூன்று வாரங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குற்றவாளி உண்மையில் ஒரு குவளை பழச்சாறு. நோய் இல்லாத காலத்தில், எங்கள் புளோக்கின் கீழுள்ள இயந்திரத்தில் 2 வெள்ளி செலுத்தி, கண்ணெதிரே பிழிந்து தரும் ஆரஞ்சுச் சாறு குடிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. மாத்திரையையும் அதோடுதான் விழுங்கினேன். அடுத்த முறை மருந்து வாங்கியபோது, “எதோட சாப்பிடுறீங்க?” என்று மருந்தாளர் கேட்டிராவிட்டால் இன்றும் அப்படியே விழுங்கிக்கொண்டிருப்பேன். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃபுரூட் சாறுகள், குடலிலிருந்து இம்மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்களைத் தடுப்பதால், இரத்தத்தில் சேரும் அளவு கணிசமாகக் குறைந்துவிடுமாம். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இது அச்சாகித்தான் இருக்கிறது. முதல் பெட்டியைப் பிரித்த அன்றே அத்தாளைக் கசக்கி எறிந்தவள் நான். இருந்தாலும், இவ்வளவு முக்கியமான செய்தியைப் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் உள்ளே மடித்து வைப்பானேன், பெட்டியின் நெற்றியில் அச்சிட்டால் என்ன என்ற கோபம் எனக்குத் தீரவில்லை.

தண்ணீரோடு விழுங்கத் தொடங்கிய பத்து நாட்களில் தடிப்புகள் பாதியாகக் குறைந்தன. முற்றிலும் போகாததால் மருத்துவர் நாளுக்கு இரண்டாக உயர்த்தினார். மேற்பார்வையில் வழக்கமான அளவைப் போல் நான்கு மடங்கு வரை கொடுக்கலாமாம், அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கொரு முறை போடும் ஒமலிசுமாப் ஊசி இருக்கிறதாம். எனக்கு இரண்டே போதுமாயிற்று. இரண்டு போட்டும் தூக்கம் வராததுதான் இம்மருந்தின் மிகப் பெரிய சிறப்பு. உதடோ நாக்கோ வீங்கி மூச்சு திணறினால் மட்டும் மாத்திரையை நம்பிக் காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும்.

இத்தனை புகழ்ந்த பிறகும், மருத்துவரிடம் இரவு நேர செட்டிரிசின் பற்றிக் கேட்டுப் பார்க்கும்படிதான் தோழியிடம் சொன்னேன். ஒரு குவளைச் சாற்றோடு ஒத்துப்போகத் தெரியாத மாத்திரையை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. “அப்புறம் நீங்க மட்டும் ஏன் அதையே சாப்பிடுறீங்க?” என்றார். அடுத்த இரண்டு மாதத்துக்கும் அதையே வாங்கி அடுக்கி வைத்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை.