விரல்நுனி ஒக்சிமீற்றர்: ஆஸ்பத்திரி வீதியில் வாங்கியதும் ஸ்காபரோவிலிருந்து வந்ததும்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசியில் விரல்நுனி ஒக்சிமீற்றர் ஒன்று, அதுதான் இரத்தத்தில் ஒட்சிசன் நூற்றுக்கு எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி, மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். செய்தி போன கையோடு, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சி "அந்த மலிவுச் சாமானை நம்பாதேங்கோ அக்கா" என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் இன்னொன்றைக் கொடுத்துவிட்டாள். அது புளூடூத் உள்ளது, விலை நாலைந்து மடங்கு. வீட்டுக்கு வந்துபோகிற எல்லாருடைய விரலிலும் இரண்டையும் மாட்டிப் பார்த்தாகிவிட்டது. நான் ஒப்பரேசன் தியேட்டரில், மயக்கமருந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று பென்சன் எடுத்த தாதி. ஒழுங்கையில் இன்னும் "மிஸ்ஸி"தான். "மிஸ்ஸி, இது வாங்கலாமோ?" என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைகிறது. எழுதி வைத்தால் காட்டிவிடலாம்.

வாங்கலாம். வீட்டில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா), இருதய வருத்தம், நாட்பட்ட சளி உள்ள ஆள் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். மலிவானதே போதும். ஆனால் அது காட்டுகிற எண்ணை நாடியில் எடுத்த இரத்தத்தின் ரிப்போட் மாதிரி வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம், முக்கியமாக எங்களைப்போலக் கறுத்த ஆக்கள். ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் சாமான். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: 660 நனோமீற்றர் சிவப்பு ஒளி ஒன்று, 940இல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒன்று. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிறது ஈமோகுளோபின். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் ஏறாததும் இந்த இரண்டு ஒளியையும் வேறு வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கிறபோது மாறுகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் பார்க்கிற யோசனை ஜப்பானில் தகுவோ அஓயாகி என்ற பொறியியலாளருடையது, 1974இல். கொரோனா நேரம் உலகமே அவருடைய கருவியைத் தேடி ஓடின 2020 ஏப்ரலில்தான் அந்த மனிசன் காலமானார். அநேகமான கடைக்காரருக்கு அவருடைய பெயரும் தெரியாது.

உள்ளூரில் வாங்கியதன் திரை வெயிலில் நல்லாகத் தெரிகிறது. முற்றத்தில் வேம்புக்குக் கீழே இருந்தே வாசிக்கலாம். தங்கச்சி அனுப்பினதைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். என் விரலில் இரண்டுக்கும் ஒன்று வித்தியாசம், சிலவேளை அதுவுமில்லை. ஆக, நாலைந்து மடங்கு காசு எதற்குப் போனது என்றால் செயலிக்கு. செயலி இங்கிலீசிலும் சீனத்திலும் மட்டும். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மின்னஞ்சல் கேட்கிறது, ஆள் நிற்கிற இடம் கேட்கிறது. ஒரு விரலில் ஒளி அடிக்கிறதற்கு நான் கோண்டாவிலில் நிற்கிறேனா கொக்குவிலில் நிற்கிறேனா என்று ஏன் தெரிய வேண்டும்? இதையெல்லாம் தாண்டி உள்ளே போனால், இரவு முழுக்க மாட்டி வைத்த கோட்டுப்படம் ஒன்று தருகிறது. அது உண்மையில் நல்ல விசயம், வைபரில் டொக்டருக்கு அனுப்பலாம். அறுபது தாண்டின, இங்கிலீசு வாசிக்கத் தெரியாத ஆள் அதுவரைக்கும் போகமாட்டார் என்பதுதான் பிரச்சினை. வருத்தம் கூட உள்ளவரும் அவர்தான்.

இரண்டுக்கும் சின்ன மூன்று ஏ பற்றறி இரண்டு. 90களில், போர் நேரம், பற்றறி குடாநாட்டுக்குள் வரத் தடையான பொருள் என்று இப்போதைய பெடியளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் தியேட்டரில் எனக்கு இந்தக் கருவியும் இல்லை. ஒரு விரல் நாடியில், கண் உதட்டில். எங்கட நிறத்தில் உதடு நீலம் பாய்வது பிந்தித்தான் தெரியும், அதனால் நாக்கையும் உள்ளுதட்டையும் புரட்டிப் பார்க்கப் பழகினோம். பிறகு மொனிற்றர் வந்து, துடிப்புக்கு ஒரு "பீப்" கேட்கத் தொடங்கியது. ஒட்சிசன் இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். திரும்பிப் பார்க்காமலே காதால் தெரிந்துகொள்ளலாம். தியேட்டரில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சுருதி நித்திரையிலும் கேட்கும்.

இந்தச் சாமானுக்கு நான் இவ்வளவு மரியாதை கொடுக்கிறதற்கு அதுவே காரணம். 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புக்கு 19 விசயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆள் சரியா, பக்கம் சரியா, ஒவ்வாமை உண்டா, கடைசியில் துணி, ஊசி எண்ணியாச்சா என்று கேட்கிற பட்டியல். மயக்கம் கொடுக்கமுன் கேட்க வேண்டியவற்றில் ஒன்று: ஒக்சிமீற்றர் ஆளில் மாட்டி வேலை செய்கிறதா? சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டேயும் கூட்டாளிகளும் ரொறொன்ரோ, டெல்லி, மணிலா, தன்சானியாவின் இஃபகாரா உட்பட எட்டு நகரங்களில் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் இறங்கியிருந்தன. அதற்கு அடுத்த வருடம் வந்த இன்னொரு கணக்கு, உலகில் ஏறத்தாழ 77,000 தியேட்டர்களில் ஒக்சிமீற்றரே இல்லை என்றது. பட்டியலில் கேள்வி இருக்கும், மாட்டுவதற்குச் சாமான் இருக்காது.

மறுபக்கமும் உண்டு. தங்கச்சி இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கிப் பார்த்து 2014இல் எழுதினார்கள்: சொல்லும்படியான குறைவு எதுவுமில்லை. ஆராய்ச்சிக்காரர் அதற்குப் பல விளக்கம் சொல்லுவார்கள். நான் நினைக்கிறது இதுதான்: சரி போடுகிற கை வேறு, பார்க்கிற கண் வேறு. வீட்டில் ஒக்சிமீற்றர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வியாதி தொற்றுகிறது. மாட்டின உடனே வருகிற முதல் எண்ணைக் கொப்பியில் எழுதிவிட்டுக் கழற்றிவிடுகிறார்கள். அரை நிமிசம், முடிந்தால் ஒரு நிமிசம், கையை மேசையில் ஆட்டாமல் வைத்திருந்து, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு பாருங்கள்.

இனிக் கறுப்பு விசயம். உரும்பிராயில் என் பெரியப்பாவின் மகன், வெங்காயச் செய்கை, வெயிலில் நின்று நின்று தோல் கருங்காலி. நாட்பட்ட சுவாச வருத்தமும் உண்டு. இளைக்க இளைக்க வீட்டுக்கு வந்தார். இரண்டு கருவியும் 95 காட்டின. மலிவானதும் 95, விலை கூடினதும் 95. ஆளைப் பார்த்தால் 95 மாதிரி இல்லை. கழுத்துக் குழி உள்ளே இழுபடுகிறது, ஒரு வசனத்தை ஒரு மூச்சில் முடிக்க ஏலாமல் கிடக்கிறார்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ."

"நல்லாத்தானே காட்டுது, மிஸ்ஸி. நீ ஏன் பதறுறாய்?"

வாட்டில் மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது 89.

இது புதினமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒக்சிமீற்றர் 92க்கும் 96க்கும் இடையில் காட்டிய நேரங்களில் உண்மையான அளவு 88க்குக் கீழே கிடந்தது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 தடவை, கறுப்பினத்தவரிடம் 11.7 தடவை. தோலுக்கு நிறம் தருகிற மெலனின் ஒளியைக் குடிப்பதால் கணக்குப் பிழைக்கிறது. பிழைக்கிற பக்கம்தான் மோசம், உள்ளதைவிடக் கூடக் காட்டுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 2013 வழிகாட்டலில், கருவியைப் பரிசோதிக்க ஆகக் குறைந்தது பத்துச் சுகதேகிகள், அதில் இரண்டு பேராவது, அல்லது 15 வீதம், கறுத்த தோல் உள்ளவர்கள் இருந்தால் போதும் என்று இருந்தது. எங்கட ஒழுங்கையில் அந்த இரண்டு பேர்தான் முழுச் சனமும். 2025 ஜனவரியில் அதைத் திருத்தி, 150 பேருக்குக் குறையாமல், எல்லா நிறத்திலும் பார்க்கச் சொல்லி ஒரு வரைவு விட்டிருக்கிறார்கள். கடையில் இப்போது கிடக்கிற பெட்டிகளுக்கு அது எட்டவில்லை.

அண்ணையின் கணக்கில் இன்னொரு கலப்பும் உண்டு: சுருட்டு. புகையில் இருக்கிற காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினில் ஒட்டிக்கொண்டால், இந்தக் கருவி அதை ஒட்சிசன் என்றே எண்ணிக் கூட்டிக் காட்டும். அந்த 95இல் எவ்வளவு தோல், எவ்வளவு சுருட்டு என்று என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. பெட்டியில் ±2 என்று போட்டிருப்பதையும் நம்பி இருக்க வேண்டாம். அதன் அர்த்தம், அளந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த எல்லைக்குள் நிற்கும் என்பது. மற்றப் பங்கு வெளியே.

அப்படியென்றால் ஏன் வாங்கச் சொல்லுகிறேன்? நெடுந்தீவில் என் மச்சாள் இருக்கிறாள், முட்டு வருத்தக்காரி. இரவில் இளைப்பு வந்தால், விடிய முதல் படகில் குறிகட்டுவானுக்கு வருவதா, அங்கேயே ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துப் பார்ப்பதா என்ற முடிவை அவள் எடுக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் ஒரு மணித்தியாலப் படகுப் பயணமும் கேள்விக்குறி. உள்ளூரில் வாங்கின மலிவானதை அவளுக்குத்தான் கொடுத்தேன். சுகமாக இருக்கிற நாளில் காலையும் மாலையும் போட்டுத் தன் வழமையான எண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறாள், 97. அதிலிருந்து மூன்று நாலு இறங்கி நின்றால் இரவே டொக்டருக்குச் சொல்லுகிறாள். ஒரு தனி எண்ணில் தோலின் பிழை ஒளிந்திருக்கும். ஒரே ஆளின் ஒரே விரலில் நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட்டால் அந்தப் பிழையின் பெரும்பங்கு இரண்டு பக்கமும் கழிந்துபோகும்.

92க்குக் கீழே நின்றால், உங்களுக்கென்று டொக்டர் வேறு அளவு சொல்லித் தராவிட்டால், 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். 95 காட்டியும் ஆள் வசனம் முடிக்க ஏலாமல் இருந்தாலும் அதே 1990தான்.

சில்லறை விசயங்கள்: கியூடெக்ஸைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். கலியாண வீட்டு மருதோன்றி விரல்நுனியில் கருத்துக் கிடந்தால் பூசாத விரலைத் தேடுங்கள். மார்கழிக் குளிரில் விறைத்த கையைத் தேய்த்துச் சூடாக்காமல் போட்டால் ஒக்சிமீற்றர் கண்டபடி காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் நாடித் துடிப்பின் அலை அல்லது ஏறி இறங்குகிற கம்பு தெரிகிற மொடல்தான் எடுக்க வேண்டும். அலை ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

எந்தக் கொம்பனி என்று கேட்காதேங்கோ, ஒரே சாமானை நாலு பெயரில் விற்கிறார்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து, பற்றறி போட்டு, உங்கள் விரலிலும் கூட வந்தவரின் விரலிலும் மாட்டிப் பாருங்கள். எண் அரை நிமிசத்துக்குள் ஓரிடத்தில் நிற்க வேண்டும், நாடித் துடிப்பு நீங்கள் கையால் எண்ணுவதோடு ஒத்துப்போக வேண்டும். திறக்க விடமாட்டேன் என்று சொன்னால் அடுத்த படி ஏறுங்கள். ஆஸ்பத்திரி வீதியில் பாமசிக்கா பஞ்சம்?